ஒரே வரியில் இரண்டு பெயர்

பிப்ரவரி. ஹீயுமா தீவு.
கடலடிக் கம்பியைப் பனிக்கட்டி எங்கோ கடித்துவிட்டது.
மூன்று நாளாக இணையம் இல்லை.
துறைமுக அறையில் நானும்,
பனியின் தடிமனைக் கப்பலுக்குச் சொல்லும்
பழைய லினக்ஸ் கணினியும்.

செவ்வாய்க்கிழமை வட்டு போனது.
புதிய வட்டில் எல்லாம் ஏறிவிட்டது, இரண்டைத் தவிர.
ஒன்று உணரியைப் படிக்கும்.
மற்றது படித்ததை எழுதிவைக்கும்.
பென்டிரைவில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன,
ஒரே நாளில் ஒரே கை கட்டிய பொட்டலங்கள்.

முதலாவதை நிறுவச் சொன்னேன்.
இரண்டாவது இல்லாமல் முடியாது என்றது.
சரி, இரண்டாவது.
முதலாவது இல்லாமல் முடியாது என்றது.
மறுபடி முதலாவது,
இந்த முறை எண்டரைக் கொஞ்சம் ஓங்கித் தட்டி,
விரலின் கோபம் அதற்குப் புரியும் என்பதுபோல.

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்.
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

வெளியே கப்பல்
எல்லா விளக்கையும் எரியவிட்டு நிற்கிறது.
வாக்கி டாக்கியில் கேப்டன் ஏவால்ட்:
"எண் வந்ததா, ஹெலே?"
எண் வந்தால் கப்பல் போகும்.
கப்பல் போனால்
மறுகரையில் நிற்கும் பழுதுபார்ப்பவன் வருவான்.
அவன் வந்தால் எண் வரும்.
இதை நான் ஏவால்டிடம் சொல்லவில்லை.
காபி குடித்தீர்களா என்று கேட்டேன்.

கட்டாயப்படுத்தும் கட்டளை ஒன்று உண்டு.
யாருக்கு யார் வேண்டும் என்று பார்க்காதே, ஏற்று.
போன மார்ச்சில் வைனோ அதைத்தான் போட்டான்.
எல்லாம் சரி என்றது திரை.
பதினொரு நாள்
முப்பத்திரண்டு சென்டிமீட்டர் என்றே
சொல்லிக்கொண்டிருந்தது,
உருகி அலையடித்த கடலைப் பார்த்தும்.
அவன் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.
நீ கேட்டிருக்க வேண்டும் என்றான்.
அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு
வேலைச்சீட்டில் மட்டும்.

கையேட்டைத் திறந்தேன்.
கணினிக்குள்ளேயே கிடப்பது, இணையம் கேட்காதது,
பத்து வருடமாக நான் பாதிப் பக்கம்கூடத் தாண்டாதது.
கம்பளியை முழங்காலுக்கு இழுத்துக்கொண்டு
வரி வரியாக இறங்கினேன்.

நிறுவுதல் ஒரு வேலை என்று நினைத்திருந்தேன்.
இரண்டாம்.
மூட்டையைப் பிரிப்பது ஒன்று, அமைப்பது வேறொன்று.
பிரிப்பதற்கு யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.
அமைக்கும்போதுதான்
இந்த "நீ முதலில், நீ முதலில்" எல்லாம்.

ஒரே வரியில் இரண்டு பெயரையும் எழுதினேன்.
நடுவே ஓர் இடைவெளி,
கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

பிரிக்கிறது.
பிரிக்கிறது.
பிறகு ஒரு நிறுத்தம்.
வட்டத்தை எங்கே வெட்டலாம் என்று தேடுகிறது போலும்.
அமைந்த பிறகு செய்வதற்கு
எந்த வேலையும் வைத்திராத பொட்டலம் எதுவோ
அதை முதலில் உட்கார வை,
இது கையேட்டின் விதி.
அதன் துணை இன்னும் எழுந்திருக்கவில்லை.
பரவாயில்லை, அதே அறையில்தான் இருக்கிறது.

எழுதிவைப்பதுதான் முதலில் உட்கார்ந்தது,
எழுத ஒன்றுமின்றி, வெற்றுக் கோப்போடு.
அப்புறம் படிப்பது கண் திறந்தது.

நாற்பத்தொன்று.

எண்ணை இரண்டு முறை சொன்னேன்.
முதல் முறை ஏவால்டுக்கு, அடுத்தது எனக்கே.
அவர் நன்றி சொல்லவில்லை, ஊதலை ஊதினார்.
பனி இரண்டாகக் கிழியும் சத்தம்
ஜன்னல் கண்ணாடியில் வெகுநேரம் நடுங்கியது.

மூன்று மணி நேரத்தில் திரும்பி வரும்,
வைனோவை ஏற்றிக்கொண்டு,
முடிந்துபோன வேலைக்காக.

காபி இயந்திரத்தில் இருவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
அவனிடம் என்ன பேசுவதென்று யோசித்தேன்.
ஒன்றும் தயாராக இல்லை.
கதவின் தாழை எடுத்துவிட்டு
உட்கார்ந்தேன்.